பழைய அட்மின் பேனலுக்கு எந்தப் பூட்டு? சிஎஸ்ஆர்எஃப் தடுப்பு வழிகள் ஓர் ஒப்பீடு

2008 ஜனவரி. மெக்சிகோவில் சிலருக்கு ஸ்பானிய மொழியில் ஒரு வாழ்த்து அட்டை மின்னஞ்சலில் வந்தது. திறந்து பார்த்தார்கள், அவ்வளவுதான். அதற்குள் படம்போல ஒளித்து வைத்திருந்த ஒரு குறியீடு, படத்தைக் கேட்பதற்குப் பதிலாக வீட்டு ரவுட்டரின் நிர்வாகப் பக்கத்துக்கு ஒரு கோரிக்கையைத் தட்டிவிட்டது. 'இந்த வங்கியின் பெயரை யாராவது கேட்டால் இனி இந்த முகவரியைக் கொடு' என்பதுதான் கோரிக்கை. டூவயர் ரவுட்டர் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டது. அடுத்த நாள் வங்கியின் முகவரியை எழுத்துப் பிசகாமல் தட்டியவர்கூடப் போய் நின்றது திருடனின் போலிப் பக்கத்தில்தான். சைமன்டெக் நிறுவனம் அப்போது வெளியே சொன்ன சம்பவம் இது. ரவுட்டருக்குள் யாரும் நுழையவில்லை. வீட்டுக்காரரின் பிரவுசரே உள்ளே இருந்து கதவைத் திறந்துவிட்டது.

கையைக் கொண்டே கண்ணைக் குத்துவது என்பார்களே, அதுதான் இது. 2001இல் பீட்டர் வாட்கின்ஸ் என்பவர் இதற்கு க்ராஸ் சைட் ரிக்வெஸ்ட் ஃபோர்ஜரி என்று பெயர் வைத்தார். எழுத்தில் சிஎஸ்ஆர்எஃப், வாயில் 'சீ சர்ஃப்'. அட்மின் பக்கத்தில் லாகின் செய்து வைத்திருக்கிறீர்கள். பக்கத்து டேபில் வேறு ஏதோ ஒரு தளம். அந்தத் தளம் உங்கள் பிரவுசரிடம், அட்மின் சர்வருக்கு ஒரு ஃபார்மை அனுப்பச் சொல்கிறது. பிரவுசரும் அந்த சர்வருக்கு உரிய குக்கீயை, அதாவது லாகின் செய்தவர் நீங்கள்தான் என்று காட்டும் அடையாளச் சீட்டை, பழக்கதோஷத்தில் சேர்த்தே அனுப்பிவிடுகிறது. குக்கீ சரி, ஆள் சரி என்று சர்வர் வேலையை முடித்துவிடும். திருடனுக்கு உங்கள் பாஸ்வேர்டு தெரியாது. குக்கீயைக் கண்ணால் பார்த்ததும் கிடையாது. வந்த பதிலைக்கூட அவனால் படிக்க முடியாது. படிக்கத் தேவையும் இல்லை.

இதனால்தான் "எங்கள் பேனல் விபிஎன் என்னும் மூடிய நெட்வொர்க்குக்குள் இருக்கிறது, வெளியிலிருந்து யாரும் தொட முடியாது" என்று சொல்பவர்களைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் பயம். விபிஎன்னுக்குள் இருப்பது உங்கள் பிரவுசரும்தானே? குறிப்பிட்ட ஐபி முகவரிகளை மட்டும் அனுமதிப்பது, கணினியில் பதித்த அடையாளச் சான்றான கிளையன்ட் சர்டிஃபிகேட் கேட்பது, எச்டிடிபிஎஸ் போடுவது எல்லாமே நல்லவைதான், வேறு ஆபத்துகளுக்கு. இந்த ஆபத்தில் கோரிக்கை உங்கள் கணினியிலிருந்தே, உங்கள் ஐபியிலிருந்தே, உங்கள் சர்டிஃபிகேட்டோடுதான் போகிறது.

"அதெல்லாம் பழைய கதை, ஓவாஸ்ப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டார்களே" என்பது இன்னொரு வாதம். எடுத்தது உண்மை. வலைப் பாதுகாப்பு அமைப்பான ஓவாஸ்ப், பெரிய பத்து ஆபத்துகள் என்று வெளியிடும் பட்டியலில் 2013இல் இது எட்டாவதாக இருந்தது, 2017 பட்டியலில் தனி இடம் இல்லை. செயலி எழுத உதவும் ஆயத்தக் கட்டமைப்புகளான ஃபிரேம்வொர்க்குகளே தடுப்பைச் சேர்த்துக் கொடுக்கத் தொடங்கியதால், ஆய்வுக்கு வந்த செயலிகளில் சுமார் 5 சதவீதத்தில்தான் இது தென்பட்டது என்பது அவர்கள் சொன்ன காரணம். சரி, அந்த 5 சதவீதம் எங்கே இருக்கும்? ஃபிரேம்வொர்க் இல்லாமல் எழுதிய உள் பேனல்களில், ரவுட்டர் ஃபர்ம்வேரில், அவசரத்துக்குப் போட்ட பிளகின்களில். அதாவது நிர்வாகப் பக்கங்களில்.

எனக்கு இந்த யோசனை வந்ததே அப்படி ஒரு பேனலால்தான். வெறும் பிஎச்பி மொழியில் எழுதியது. ஏறத்தாழ 140 ஃபார்ம். எழுதியவர் வேலையை விட்டுப் போய் வருடக்கணக்கு. பயனரைச் சேர்ப்பது, விலையை மாற்றுவது, பேக்கப்பை அழிப்பது எல்லாம் ஒரே இடத்தில். நீக்கும் வேலைகளில் சில சாதாரண லிங்க்காகவே இருந்தன, சொடுக்கினால் போச்சு. "டோக்கன் போட்டுவிடு" என்று ஒரு வரியில் சொல்லிவிடலாம். 140 ஃபார்மைத் திறந்து பார்த்த பிறகுதான், எந்த வழி எந்த வீட்டுக்குப் பொருந்தும் என்று உட்கார்ந்து ஒப்பிடத் தோன்றியது.

டோக்கன் என்னும் பழைய பூட்டு

பாடப்புத்தக விடை இதுதான். செஷன், அதாவது லாகின் செய்த அமர்வு, தொடங்கும்போது சர்வர், யாரும் யூகிக்க முடியாத ஒரு சரத்தை உருவாக்கித் தன்னிடம் வைத்துக்கொள்ளும். ஒவ்வொரு ஃபார்மிலும் மறைவான புலமாக அதை அச்சடித்துக் கொடுக்கும். ஃபார்ம் திரும்பி வரும்போது சரம் பொருந்துகிறதா என்று பார்க்கும். வேறு தளத்தால் ஃபார்மை அனுப்ப முடியுமே தவிர உங்கள் பக்கத்தைப் படிக்க முடியாது, ஆகவே சரம் அதன் கைக்குக் கிடைக்காது.

பலம் என்னவென்றால், இது பிரவுசரின் நல்லெண்ணத்தை அதிகம் நம்பவில்லை. பத்து வருடப் பழைய பிரவுசரிலும் வேலை செய்யும். எச்டிடிபிஎஸ் இல்லாத உள் நெட்வொர்க்கிலும் வேலை செய்யும். ஜாங்கோ, லாராவெல், ரெயில்ஸ் என்று எந்த ஃபிரேம்வொர்க்கானாலும் கையோடு வருகிறது. புதிதாக எழுதும் பேனல் என்றால் இதற்கு மேல் யோசிக்க ஒன்றுமில்லை, ஃபிரேம்வொர்க் கொடுப்பதை அணைக்காமல் இருந்தால் போதும்.

அணைத்துவிடுகிறார்கள் என்பதுதான் பிரச்சினை. காலையில் திறந்து வைத்த பக்கத்தில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வந்து 'சேமி'யை அழுத்தினால், லாராவெல் 419 என்ற எண்ணோடு 'பக்கம் காலாவதியானது' என்று சொல்லும். அதில் செஷன் ஆயுள் இயல்பாக 120 நிமிடம். கணக்குப் பிரிவிலிருந்து இரண்டு ஃபோன் வந்தால் போதும், யாரோ ஒருவர் அந்த முகவரியை விதிவிலக்குப் பட்டியலில் சேர்த்துவிடுவார். அதை மறுபடி எடுக்க யாருக்கும் நினைவிருக்காது. மென்பொருளைத் தானாகக் கட்டிச் சோதிக்கும் கருவியான ஜென்கின்ஸ் இதில் கண்டிப்பு காட்டியது. 'க்ரம்ப்' என்று அவர்கள் அழைக்கும் டோக்கனை 2.0 பதிப்பில் இயல்பாகவே போட்டார்கள். 2020இல் வந்த 2.222 பதிப்பில், அமைப்புப் பக்கத்திலிருந்து அதை அணைக்கும் வசதியையே எடுத்துவிட்டார்கள். அப்போது திட்டியவர்கள் உண்டு. என்னைக் கேட்டால் செய்தது சரி.

இன்னொரு ஓட்டை, டோக்கனைக் கொடுத்துவிட்டுத் திரும்பி வரும்போது சரிபார்க்காமல் விடுவது. அல்லது ஃபார்ம் அனுப்பும் போஸ்ட் கோரிக்கையில் மட்டும் சரிபார்த்து, லிங்க்கைச் சொடுக்கினால் போய் அதே வேலையைச் செய்யும் கெட் கோரிக்கையைக் கவனிக்காமல் விடுவது. டேட்டாபேஸை நிர்வகிக்கும் பிஎச்பிமைஅட்மினில் டோக்கன் வெகுகாலமாக உண்டு. ஆனாலும் 2017 டிசம்பரில், 4.7.7க்கு முந்தைய 4.7 பதிப்புகளில், லாகின் செய்திருக்கும் நிர்வாகியை ஒரு லிங்க்கைச் சொடுக்க வைத்தால் டேபிளையே அழித்துவிடலாம் என்று தெரியவந்தது. பாதுகாப்புப் பிழைகளின் பொதுப் பதிவேட்டில் சிவிஇ-2017-1000499 என்று பதிவான பிழை. பூட்டு வாசலில் தொங்கியது, கொல்லைப்புறம் திறந்து கிடந்தது.

வேர்ட்பிரஸின் 'நான்ஸ்' இதன் தம்பி. 2006இல் 2.0.3 பதிப்பில் வந்தது. ஒரே ஒரு முறைதான் பயன்படும் எண் என்று பெயர் சொன்னாலும், உண்மையில் அதிகபட்சம் 24 மணி நேரத்துக்கு எத்தனை முறை வேண்டுமானாலும் செல்லும். அது பெரிய குறை இல்லை. பிளகின் எழுதுபவர் தன் ஒவ்வொரு செயலிலும் நினைவாகச் சரிபார்க்க வேண்டியிருப்பதுதான் குறை. மனிதர் மறப்பார். வேர்ட்பிரஸ் பிளகின்களின் பாதுகாப்பு அறிவிப்புகளில் சிஎஸ்ஆர்எஃப் சலிக்காமல் திரும்பத் திரும்ப வருவதற்கு அந்த மறதியே காரணம்.

என் 140 ஃபார்ம் கதைக்கும் இங்கேதான் இடிக்கிறது. ஒவ்வொரு அறைக்கும் தனித்தனியாகப் பூட்டு மாட்டினால், ஓர் அறை விட்டுப்போகும்.

இரட்டைக் குக்கீ: எனக்குப் பிடிக்காத வழி

டோக்கனை சர்வரில் வைக்காமல் ஒரு குக்கீயிலும் ஃபார்மிலும் வைத்து, இரண்டும் ஒன்றா என்று மட்டும் பார்ப்பது. செஷனைச் சேமிக்க இடம் இல்லாத, பல சர்வர்களில் ஓடும் செயலிகளுக்கு வசதி. ஆனால் ஒரு சப்டொமைன், தன் தாய் டொமைனுக்கே குக்கீ எழுத முடியும். கல்லூரிகளில் பார்த்திருப்பீர்கள்: ஒவ்வொரு துறைக்கும் ஒரு சப்டொமைன், ஒவ்வொன்றிலும் என்றோ போட்ட வேர்ட்பிரஸ். அதில் ஒன்று கைமாறினால், திருடன் தனக்குத் தெரிந்த சரத்தைக் குக்கீயில் எழுதி, அதையே ஃபார்மிலும் வைத்து அனுப்பிவிடுவான். இரண்டும் பொருந்தும், சர்வர் தலையாட்டும். செஷனோடு பிணைத்து ரகசியச் சாவியால் கையொப்பமிட்டால், 'ஹோஸ்ட்' முன்னொட்டுள்ள குக்கீப் பெயரைப் பயன்படுத்தினால், இந்த ஓட்டை அடைபடும். அவ்வளவு செய்வதற்கு முதல் வழியையே செய்துவிடலாமே.

சேம்சைட்: இலவசமாக வந்த பாதுகாப்பு

குக்கீயின் பின்னால் ஒரு சொல் சேர்ப்பது. 'ஸ்ட்ரிக்ட்' என்றால், வேறு தளத்திலிருந்து கிளம்பும் எந்தக் கோரிக்கையிலும் குக்கீ போகாது. 'லாக்ஸ்' என்றால், லிங்க்கைச் சொடுக்கி நேரடியாக உள்ளே வரும்போது மட்டும் போகும். போஸ்ட் ஃபார்ம், படம், பக்கத்துக்குள் பக்கம் காட்டும் ஐஃபிரேம் வழியே போகாது. 2020 பிப்ரவரியில் குரோம் 80 வந்தபோது, எதுவும் சொல்லாத குக்கீயை லாக்ஸ் என்றே எடுத்துக்கொள்ளும் மாற்றத்தைப் படிப்படியாகக் கொண்டுவரத் தொடங்கினார்கள். கொரோனாவால் ஏப்ரலில் நிறுத்தி வைத்து, ஜூலையில் மறுபடி தொடர்ந்தார்கள். உலகத்தின் பாதி சிஎஸ்ஆர்எஃப் ஓட்டைகள் ஒரு பிரவுசர் அப்டேட்டில் அடைந்தன என்று சிலர் கொண்டாடினார்கள். மிகை, ஆனால் முழுப் பொய்யும் இல்லை.

இதை நம்பித் தூங்கலாமா? சில நுணுக்கங்களைப் பார்த்தால் தூக்கம் போய்விடும்.

ஃபயர்பாக்ஸும் சஃபாரியும் இதை இயல்பாகச் செய்வதில்லை. நீங்களே எழுதி வைத்தால்தான் உண்டு. குரோமிலும், நீங்கள் எதுவும் எழுதாமல் விட்ட குக்கீக்கு முதல் இரண்டு நிமிடம் சலுகை இருக்கிறது. புதிதாகக் கிடைத்த குக்கீயென்றால் வேறு தளத்திலிருந்து வரும் போஸ்ட்டோடும் அதை அனுப்பிவிடும். சில லாகின் முறைகள் உடையாமல் இருக்கச் செய்த ஏற்பாடு. லாக்ஸ் என்று வெளிப்படையாக எழுதினால் இந்தச் சலுகை கிடையாது, ஆகவே எழுதிவிடுங்கள்.

'சைட்' என்ற சொல்லின் பொருள் இன்னும் முக்கியம். ஒரே பதிவு டொமைனின் கீழ் வரும் எல்லா சப்டொமைன்களும் இதற்கு ஒரே சைட். போர்ட் எண் கணக்கிலேயே வராது. மேலே சொன்ன கல்லூரியில் நூலகத்தின் வேர்ட்பிரஸும் தேர்வுப் பிரிவின் அட்மின் பேனலும் ஒரே குடும்பம். ஒன்று கெட்டால் சேம்சைட் மற்றதைக் காப்பாற்றாது.

இது குக்கீயின் குணம் என்பதையும் மறக்கக்கூடாது. பல ரவுட்டர்களும் பழைய பிரின்டர்களும் பிரவுசரே சின்னப் பெட்டி காட்டிப் பெயரும் பாஸ்வேர்டும் கேட்கும் பேசிக் ஆத்தென்டிகேஷனைப் பயன்படுத்துகின்றன. அங்கே குக்கீயே இல்லை, சேம்சைட் எதைத் தடுக்கும்?

என் பேனலில் இருந்ததுபோல நீக்கும் வேலையை லிங்க்காக வைத்திருந்தால், லாக்ஸ் அதற்கு வழிவிட்டுவிடும். ஸ்ட்ரிக்ட் போட்டால் அதுவும் நிற்கும். ஆனால் எச்சரிக்கை மின்னஞ்சலில் வரும் லிங்க்கைச் சொடுக்கி பேனலுக்கு வருபவர், லாகின் செய்திருந்தும் வெளியே தள்ளப்பட்டதுபோல் உணர்வார். பொதுமக்கள் தளத்துக்கு அது தொல்லை. பத்துப் பேர் பயன்படுத்தும் அட்மின் பேனலுக்கு? தாராளமாக ஸ்ட்ரிக்ட் போடலாம் என்பேன்.

எங்கிருந்து வருகிறாய் என்று கேட்பது

எனக்கு இப்போது மிகவும் பிடித்த வழி இது. போஸ்ட் அனுப்பும்போது இன்றைய பிரவுசர்கள் கோரிக்கையோடு போகும் 'ஆரிஜின்' என்ற தலைக்குறிப்பில், அதாவது ஹெடரில், கோரிக்கை எந்தத் தளத்திலிருந்து கிளம்பியது என்று எழுதி அனுப்புகின்றன. பக்கத்தில் ஓடும் ஸ்கிரிப்ட் அதை மாற்ற முடியாது. இதற்கு மேல் 'செக்-ஃபெட்ச்-சைட்' என்று ஒரு ஹெடர்: இந்தக் கோரிக்கை அதே தளத்திலிருந்தா, உறவுக்கார சப்டொமைனிலிருந்தா, அந்நியனிடமிருந்தா, அல்லது பயனரே முகவரிப் பட்டையில் தட்டியதா என்று பிரவுசரே வகைப்படுத்திச் சொல்லிவிடும். குரோம் 2019இல் தொடங்கியது, ஃபயர்பாக்ஸ் 2021இல், சஃபாரி 2023 மார்ச்சில் 16.4 பதிப்பில். சேம்சைட்டுக்குத் தெரியாத சப்டொமைன் வித்தியாசம் இதற்குத் தெரியும் என்பது பெரிய லாபம்.

கோ என்னும் நிரல்மொழி 2025 ஆகஸ்டில் வந்த 1.25 பதிப்பில் இதையே தன் அடிப்படை நூலகத்தில் சேர்த்துவிட்டது. டோக்கன் கிடையாது, குக்கீ கிடையாது. கெட் போன்ற, எதையும் மாற்றக்கூடாத கோரிக்கைகளை விட்டுவிடு. மற்றவற்றில் செக்-ஃபெட்ச்-சைட் அதே தளம் என்றோ பயனரே என்றோ சொன்னால் விடு, வேறு எது சொன்னாலும் மறு. அந்த ஹெடரே இல்லையென்றால் ஆரிஜினையும், கோரிக்கை எந்தத் தளத்துக்கு என்று சொல்லும் ஹோஸ்ட் ஹெடரையும் ஒப்பிடு. இரண்டுமே இல்லையென்றால் வந்தது அதே தளத்திலிருந்து அல்லது பிரவுசரே இல்லை என்று எடுத்துக்கொண்டு விடு. இவ்வளவுதான் விதி. பிஎச்பியில் எழுதினால் முப்பது வரிகூட வராது. எல்லாக் கோப்புகளும் முதலில் அழைக்கும் ஒரே கோப்பில் அதை வைத்தால் 140 ஃபார்முக்கும் ஒரே வாசல், ஒரே காவல்காரர்.

இதிலும் இடறும் இடங்கள் உண்டு. செக்-ஃபெட்ச் ஹெடர்களைப் பிரவுசர்கள் எச்டிடிபிஎஸ் தளங்களுக்கும், உங்கள் கணினியையே குறிக்கும் லோக்கல்ஹோஸ்ட்டுக்கும் மட்டுமே அனுப்பும். 192.168.1.1 என்று வெறும் எச்டிடிபியில் திறக்கும் ரவுட்டர் பக்கத்துக்கு அது வராது. ஆரிஜினை மட்டும் நம்ப வேண்டும். முன்னால் கோரிக்கையை வாங்கி உள்ளே கடத்தும் என்ஜின்எக்ஸ் போன்ற ப்ராக்ஸி நின்றால், ஹோஸ்ட் ஹெடரை அப்படியே கடத்தும்படி நாம் சொல்லாதவரை அது தன் பின்னால் இருக்கும் சர்வரின் பெயரைப் போட்டுவிடும். பிறகு ஆரிஜின் ஒன்று சொல்லும், ஹோஸ்ட் ஒன்று சொல்லும், நியாயமான நிர்வாகிக்கே 403 என்ற அனுமதி மறுப்பு. ஜாங்கோ 4.0க்கு மாறியவர்கள் பலர் இதில் மாட்டினார்கள். ஆரிஜினைச் சரிபார்க்கத் தொடங்கிய அந்தப் பதிப்பு, நம்பகமான தளங்களின் பட்டியலில் எச்டிடிபிஎஸ் என்ற முன்பகுதியோடு எழுதச் சொன்னது. பழைய பட்டியலை வைத்திருந்தவர்களின் அட்மின் லாகின் பக்கமே மறுத்தது. ஆரிஜினில் 'நல்' என்று வந்தால் அதை வெற்றிடம் என்று நினைத்து அனுமதிப்பதும் தவறு. மணல்பெட்டி (சேண்ட்பாக்ஸ்) என்று கட்டுப்படுத்திய ஐஃபிரேமிலிருந்து திருடனாலும் அப்படி அனுப்ப முடியும்.

ஜேசன் மட்டும் வாங்கும் பேனல்

முன்பக்கம் ரியாக்டில் எழுதிய திரை, பின்பக்கம் ஜேசன் என்ற உரை வடிவில் தரவு வாங்கும் ஏபிஐ என்று கட்டியிருந்தால் இன்னொரு எளிய வழி: ஒவ்வொரு கோரிக்கையிலும் ஒரு தனிப்பெயர் ஹெடர் இருக்க வேண்டும் என்று விதி வைப்பது. சாதாரண ஃபார்மால் ஹெடர் சேர்க்க முடியாது. வேறு தளத்து ஸ்கிரிப்ட் சேர்க்க முயன்றால் பிரவுசர் முதலில் உங்கள் சர்வரிடம் அனுமதி கேட்கும். ஆனால் "ஜேசன்தானே, ஃபார்மால் அனுப்ப முடியாது" என்று அதோடு விட்டுவிடாதீர்கள். வெறும் உரை என்ற வகையில் ஃபார்மை அனுப்பி, உள்ளே ஜேசன்போல் எழுத முடியும்; வகையைப் பார்க்காமல் உள்ளடக்கத்தை மட்டும் படிக்கும் சர்வர் ஏமாந்துவிடும். 2011 பிப்ரவரியில் ஜாங்கோவும் ரெயில்ஸும், பக்கத்தின் ஸ்கிரிப்டே அனுப்பியது என்று காட்டும் ஏஜாக்ஸ் ஹெடர் இருந்தால் டோக்கன் வேண்டாம் என்றிருந்த சலுகையை ஒரே சமயத்தில் திரும்பப் பெற்றன. பிரவுசர் பிளகின்களும் திசைதிருப்பலும் சேர்ந்தால் அந்த ஹெடரையும் போலியாக அனுப்ப முடியும் என்று தெரிந்ததே காரணம். அந்தப் பிளகின்கள் காலமாகிவிட்டன. பாடம் மட்டும் மிச்சம்.

என் முடிவு

புதிய பேனல் என்றால் ஃபிரேம்வொர்க்கின் டோக்கனை அப்படியே வைத்து, குக்கீக்கு ஸ்ட்ரிக்ட் போட்டுவிடுவேன். உள்ளே எச்டிடிபியில் ஓடும், பழைய பிரவுசர்கள் தொடும் சாதனம் என்றாலும் டோக்கன்தான். மற்றவை அங்கே கால் ஊன்றாது. பொது டொமைனின் கீழ் நம்ப முடியாத அண்டை வீட்டார் இருந்தால், பேனலையே தனி டொமைனுக்கு மாற்றுவது எந்தக் கோடிங்கையும்விட மலிவு.

அந்த 140 ஃபார்ம் பேனலுக்கு ஹெடர் சரிபார்ப்பைத் தேர்ந்தெடுத்தேன். முதல் வாரம் மறுக்காமல், மறுத்திருக்க வேண்டியவற்றை லாகில் எழுத மட்டும் செய்தேன். ப்ராக்ஸி பிழை அதில்தான் பிடிபட்டது. நீக்கும் லிங்க்குகள் எல்லாவற்றையும் போஸ்ட் ஃபார்மாக மாற்றாமல் இந்த வழி பாதி வழிதான். அதற்குத்தான் அதிக நாள் பிடித்தது. பிறகு, பயனரைச் சேர்ப்பது, பாஸ்வேர்டு மாற்றுவது, பேக்கப்பை அழிப்பது ஆகிய மூன்றுக்கும் பாஸ்வேர்டை மறுபடி கேட்க வைத்தேன். முணுமுணுத்தார்கள். இந்த மூன்றும் வாரத்துக்கு ஒரு முறைகூட நடக்காத வேலைகள் என்பதால் முணுமுணுப்பு நீடிக்கவில்லை.

எதைத் தேர்ந்தெடுத்தாலும், பேனலுக்குள் ஓர் எக்ஸ்எஸ்எஸ் ஓட்டை இருந்தால் இவை பெரும்பாலும் வீண். திருடனின் ஸ்கிரிப்ட் உங்கள் தளத்துக்குள்ளேயே ஓடினால் டோக்கனையும் படிக்கும், ஆரிஜினும் சரியாகவே வரும். 2005இல் மைஸ்பேஸ் என்ற சமூக வலைத்தளத்தைக் கவிழ்த்த, தானாகப் பரவும் சாமி வார்ம் இப்படித்தான் டோக்கனைப் பக்கத்திலிருந்து பொறுக்கி எடுத்து நண்பர் கோரிக்கைகளை அனுப்பியது. பாஸ்வேர்டை மறுபடி கேட்பது ஒன்றுதான் அங்கேயும் கொஞ்சம் தடுக்கும்.

சோதிக்கப் பெரிய கருவி வேண்டாம். உங்கள் பேனலின் 'பயனரைச் சேர்' ஃபார்மை அப்படியே நகலெடுத்து, டோக்கன் புலத்தை நீக்கி, அனுப்பும் இடத்தில் பேனலின் முழு முகவரியைப் போட்டு, டெஸ்க்டாப்பில் ஒரு எச்டிஎம்எல் கோப்பாகச் சேமியுங்கள். லாகின் செய்த அதே பிரவுசரில் அதைத் திறந்து பொத்தானை அழுத்துங்கள். லாகின் செய்த முதல் இரண்டு நிமிடத்துக்குள் ஒரு முறை, ஐந்து நிமிடம் கழித்து ஒரு முறை, குரோமில் ஒன்று, ஃபயர்பாக்ஸில் ஒன்று. நாலு முறையும் பயனர் பட்டியலைத் திறந்து, புதிதாக யாராவது வந்து உட்கார்ந்திருக்கிறாரா என்று பாருங்கள். திரையில் வந்த பதிலை மட்டும் நம்பாதீர்கள்: என் பேனல் முதல் முறை 'அனுமதி இல்லை' என்று காட்டிவிட்டு, பயனரையும் சேர்த்து வைத்திருந்தது.